கேளுங்கள், சொல்கிறோம்: உடனுக்குடன் ஓட வேண்டிய வணிக மென்பொருளுக்கு எந்தக் கருவி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களிடமிருந்து இம்முறை ஒரே விஷயத்தைச் சுற்றிப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஆறுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஐயா, வணக்கம். பாலக்கோட்டில் தக்காளி மண்டி நடத்துகிறோம். மூன்று எலக்ட்ரானிக் தராசு, ஒரு பெரிய டிவி, கையில் போனோடு நாற்பது வியாபாரிகள். எடை போட்டவுடன் லாட் டிவியில் வர வேண்டும். வியாபாரி போனிலேயே விலை கேட்க வேண்டும். ஏலம் முடிந்த கையோடு விவசாயிக்குச் சீட்டு அடித்துத் தர வேண்டும். மென்பொருள் செய்ய இரண்டு பேரைக் கேட்டோம். ஒருவர் "கோ மொழி, காஃப்கா, கிளவுடில் மூன்று சர்வர்" என்கிறார். மற்றவர் "பிஎச்பியே போதும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
(மண்டி உரிமையாளர், பாலக்கோடு)

பதில்: இருவருமே கருவியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் மண்டியிலிருந்து ஆரம்பியுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு தாளில் எழுதுங்கள்: எவ்வளவு தாமதம் பொறுக்கும்? பதிவு தொலைந்தால் என்ன நஷ்டம்? ஒரே பதிவு இரண்டு முறை விழுந்தால் என்ன ஆகும்? டிவியில் விலை அரை விநாடி பிந்தி வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு வியாபாரிகள் ஒரே நேரத்தில் கேட்டால் யார் முந்தியது என்பதில் சண்டை வரும். எடைப் பதிவு ஒன்று தொலைந்தால் விவசாயி வயிற்றில் அடித்த மாதிரி. ஆக, உங்களுக்கு முக்கியம் வேகத்தைவிட வரிசையும் தொலையாமையும்தான்.

அடுத்து, எண்ணிப் பாருங்கள். ஒரு தராசில் 20 விநாடிக்கு ஒரு லாட் போனால்கூட மூன்று தராசுக்கு நிமிடத்துக்கு 9 லாட், நான்கு மணி நேரத்துக்கு 2,160. லாட்டுக்குப் பத்து முறை விலை கேட்டாலும் விநாடிக்கு ஒன்றரைப் பதிவுதான். எஸ்எஸ்டி வட்டு உள்ள சாதாரணக் கணினியில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் விநாடிக்குச் சில நூறு பதிவுகளை அலட்டிக்கொள்ளாமல் எழுதும். காஃப்கா, அதாவது நிகழ்வுகளை வரிசையாக வாங்கி மற்ற நிரல்களுக்குக் கடத்தும் மென்பொருள், நல்ல கருவி. லிங்க்ட்இன் நிறுவனம் தன் சொந்தத் தேவைக்காக உருவாக்கி 2011இல் பொதுவில் விட்டது. விநாடிக்கு லட்சக்கணக்கில் நிகழ்வு கொட்டும் இடத்துக்கு அது வேண்டும். உங்கள் மண்டிக்கு அதை வைத்தால் அதைப் பராமரிக்கவே ஓர் ஆள் சம்பளத்துக்கு வேண்டும்.

சர்வரை மண்டிக்குள்ளேயே வையுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எல்லாம் கிளவுடில் இருந்தால், சாலையில் யாரோ பள்ளம் தோண்டி ஃபைபர் அறுந்த காலையில் ஏலம் நின்றுவிடும், தக்காளி காத்திருக்காது. 8 ஜிபி நினைவகம் உள்ள ஒரு மினி கணினி போதும். கிளவுடுக்கு நிமிடத்துக்கு ஒருமுறை நகல் போகட்டும். கணினிக்கு யூபிஎஸ் போடுகிறவர்கள் ரூட்டரையும் ஸ்விட்ச்சையும் மறந்துவிடுகிறார்கள். கரண்ட் போனதும் சர்வர் உயிரோடு இருக்கும், ஆனால் யாராலும் அதைத் தொட முடியாது. மூன்றும் சேர்ந்து 60 வாட்டுக்குள்தான் இழுக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி; பாதி கைக்கு வந்தாலும் அரை மணி நேரம் தாங்கும். வீட்டு ரூட்டரில் நாற்பது போன் ஏறினால் திணறும் என்பதால் வியாபாரிகளுக்குத் தனி வைஃபை அக்சஸ் பாயின்ட் வையுங்கள். டிவியைக் கேபிளில் இணைத்துவிடுங்கள்.

இத்தகைய வேலைகளில் அதிகம் சறுக்கும் இடம் தராசு. பெரும்பாலான தராசுகள் ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் இணைப்பு வழியாக எடையை எழுத்து வரியாக இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த வரி துண்டு துண்டாகத்தான் கணினிக்கு வந்து சேரும். "வந்ததை அப்படியே படி" என்று எழுதிய நிரல் 25.35 கிலோவை ஒருநாள் 5.35 என்று படிக்கும். வரி முடிவுக் குறி வரும்வரை சேர்த்து வைத்து, முழு வரியான பிறகே பிரிக்க வேண்டும். பல தராசுகள் எடை நிலைத்துவிட்டதா, ஆடிக்கொண்டிருக்கிறதா என்பதையும் வரியின் தொடக்கத்திலேயே சொல்லும். சொல்லாத தராசானால் தொடர்ந்து ஐந்து முறை ஒரே எண் வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆர்எஸ்-232 கேபிள் 15 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் தூரமென்றால் தராசுப் பக்கத்திலேயே சீரியலை ஈதர்நெட்டாக மாற்றும் பெட்டி வையுங்கள்.

தராசின் சீரியல் கேபிளைக் கணினியின் யூஎஸ்பி துளையில் இணைக்கும் மாற்றியில் இன்னொரு தொல்லை. விண்டோஸில் ஒரு துளையிலிருந்து கழற்றி வேறு துளையில் செருகினால் போர்ட் எண் மாறிவிடும். இரண்டாம் தராசின் எடை மூன்றாம் தராசின் பெயரில் பதிவாகும், யாருக்கும் உடனே தெரியாது. துளைகளுக்கு வண்ண ஸ்டிக்கர் ஒட்டுங்கள். லினக்ஸ் என்றால் செருகிய இடத்தை வைத்து நிலையான பெயர் கொடுக்க வழி இருக்கிறது. மலிவான சிஎச்340 மாற்றிகள் பெரும்பாலும் தமக்கென்று வரிசை எண் இல்லாமல் வருவதால் இடத்தை வைத்துத்தான் அடையாளம் காண முடியும்.

இனி மொழி. நிரல் எழுதுபவருக்கு சி ஷார்ப் தெரிந்தால் உங்கள் வேலைக்கு அதுதான் நேர்வழி: தராசு படிப்பது, போன்களோடு உடனுக்குடன் பேச சிக்னல்ஆர் என்ற நூலகம், விண்டோஸ் சர்வீசாகத் தானே கிளம்புவது எல்லாம் ஒரே பெட்டியில் கிடைக்கும். கோ மொழியும் நன்றாகவே செய்யும். ஒரே கோப்பாக வந்து உட்காரும். பிஎச்பி மட்டுமே தெரிந்தவர் என்றால் சீட்டு, கணக்கு, அறிக்கை எல்லாம் அதிலேயே இருக்கட்டும். தராசுக்கு மட்டும் ஒரு சின்ன பைத்தான் நிரல் தனியாக ஓடட்டும். போன் இணைப்பை, பிஎச்பி நிரல்களை சர்வரில் ஓட்டும் வழக்கமான பிஎச்பி-எஃப்பிஎம்மில் திறந்து வைக்க வேண்டாம். அங்கே ஓர் இணைப்புக்கு ஒரு புராசஸ் (ஓடும் நிரலின் ஒரு பிரதி) முழுதாகப் பிடிபட்டுவிடும், உபுண்டுவில் இயல்பாக இருப்பதோ ஐந்தே. ஆறாவது வியாபாரிக்குத் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். பிஎச்பிக்கான லாராவெல் கட்டமைப்பைப் பயன்படுத்துபவருக்கு 2024இல் வந்த ரிவெர்ப் இந்தக் குறையைத் தீர்க்கிறது.

டிவிக்குச் செய்தி ஒரு பக்கம்தான் போகிறது. அதற்கு, இரு பக்கமும் பேசும் நிரந்தர இணைப்பான வெப்சாக்கெட் தேவையில்லை. சர்வர் மட்டும் பேசும் சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் போதும். அறுந்தால் பிரவுசரே திரும்ப இணைத்துக்கொள்ளும். போன்கள் திரை அணைந்ததும் இணைப்பை விட்டுவிடும். அதனால் திரும்ப இணையும் ஒவ்வொரு முறையும் முதலில் இப்போதைய முழு நிலவரத்தை வாங்கு, பிறகு மாற்றங்களைக் கேள் என்று எழுத வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் ஏறுவரிசை எண் இருக்கட்டும். 41க்குப் பின் 43 வந்தால் ஒன்று விடுபட்டது என்று போனே கண்டுகொள்ளும்.

யார் முந்தினார் என்பதைப் போனின் கடிகாரம் சொல்லக் கூடாது, சர்வர்தான் சொல்ல வேண்டும். தரவுத்தளத்தில் ஒவ்வொரு லாட்டின் பதிவிலும் ஒரு பதிப்பு எண் வையுங்கள். "பதிப்பு 7 ஆக இருந்தால் மட்டும் விலையை மாற்றி 8 ஆக்கு" என்று தரவுத்தளத்திடம் கேட்டால், இரண்டு பேர் ஒரே கணத்தில் அழுத்தினாலும் ஒருவர் கேட்பு மட்டுமே ஏறும். மற்றவருக்கு "விலை மாறிவிட்டது, மீண்டும் கேளுங்கள்" என்று போகும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது: போனில் கேமராவால் பார்கோடு படிக்க நினைத்தால், உள்வலை முகவரியைப் பாதுகாப்பில்லாத எச்டிடிபியில் திறந்தால் கேமரா வேலை செய்யாது. சொந்த டொமைன் பெயருக்குச் சான்றிதழ் வாங்கி, அந்தப் பெயர் உள்வலையில் மினி கணினியைக் காட்டும்படி அமையுங்கள்.

கேள்வி: எங்கள் கடை மென்பொருளில் வெப்சாக்கெட் சரியாக ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை அறுகிறது. புரோகிராமர் நெட்வொர்க்கைக் குறை சொல்கிறார். உண்மையா?
(காரிமங்கலம் வாசகர்)

பதில்: சரியாக ஒரு நிமிடம் என்றால் அது நெட்வொர்க் இல்லை. சர்வருக்கு முன்னால், வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ் மென்பொருள் இருக்கும். 60 விநாடி எந்தத் தரவும் வராவிட்டால் இணைப்பை மூடுவது அதன் இயல்பு. அந்த நேரத்தைக் கூட்டுவதோடு நின்றுவிடாமல், சர்வர் 25 விநாடிக்கு ஒரு முறை பிங் ("இருக்கிறாயா" என்ற சிறு செய்தி) அனுப்பட்டும். செத்துப்போன இணைப்புகளையும் அதில் கண்டுபிடிக்கலாம். நெட்வொர்க் கோளாறு இப்படி மணி அடித்தாற்போல வராது.

கேள்வி: ஓசூரில் சிறிய பட்டறை. 12 இயந்திரங்கள், சில சிஎன்சி (கணினி வழி இயங்குபவை), சில பழையவை. உற்பத்தி எண்ணிக்கை, நின்ற நேரம் இரண்டையும் அலுவலகத்தில் நேரலையாகப் பார்க்க வேண்டும். கோளாறு வந்தால் அங்கிருந்தே இயந்திரத்தை நிறுத்தவும் வேண்டும். கிளவுடில் நோட் ஜேஎஸ் வைத்துச் செய்து தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது.
(பட்டறை உரிமையாளர், ஓசூர்)

பதில்: பார்ப்பது ஒரு வேலை, நிறுத்துவது வேறு வேலை. இரண்டையும் ஒரே மென்பொருளில் கட்ட விடாதீர்கள். அவசர நிறுத்தம் கம்பியிலும் பாதுகாப்பு ரிலேயிலும் இருக்க வேண்டியது. இயந்திரக் கட்டுப்பாடு, அதற்கென்றே செய்த கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியில் இருக்க வேண்டியது. அது சில மில்லிவிநாடிக்கு ஒரு சுற்று என்று தவறாமல் ஓடும். சாதாரண விண்டோஸ், சாதாரண லினக்ஸ், பயன்பாடு முடிந்த நினைவகத்தைத் தாமே அள்ளும் மொழிகள் எதுவும் "இத்தனை மில்லிவிநாடிக்குள் கட்டாயம்" என்று உறுதி தருவதில்லை. லினக்ஸில் அந்த உறுதிக்கான ரியல்டைம் பகுதி 2024 நவம்பரில் வெளிவந்த 6.12 பதிப்பில்தான் மூலக் கெர்னலோடு சேர்ந்தது. அதுவும் தனியாகத் தேர்ந்து அமைத்தால்தான் உண்டு. ஓர் ஆளின் கை இயந்திரத்துக்குள் இருக்கும்போது இணையத்தை நம்பலாகாது.

பார்ப்பதற்கு வருவோம். பழைய இயந்திரங்களை மோட்பஸ் ஆர்டியூ என்ற கேள்வி-பதில் முறையில், பல சாதனங்கள் பகிரும் ஒரே ஆர்எஸ்-485 கம்பியில் கோத்திருப்பார்கள். விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் பத்து ரிஜிஸ்டர் (சாதனம் எண்களை வைத்திருக்கும் இடம்) படிக்கக் கேள்வி 8 பைட், பதில் 25 பைட். இது சுமார் 34 மில்லிவிநாடி. சாதனம் யோசிக்கும் நேரம் சேர்த்தால் 50, 60 ஆகும். 12 சாதனத்துக்கு முக்கால் விநாடி போய்விடும். ஆக "100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை புதுப்பிப்போம்" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அவர் கணக்குப் போடவில்லை. இன்னொன்றும் நடக்கும்: ஓர் இயந்திரத்தை அணைத்ததும் எல்லாத் திரையும் மந்தமாகும். செத்த சாதனத்துக்காக நிரல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விநாடி காத்திருப்பதுதான் காரணம். காத்திருப்பை 200 மில்லிவிநாடியாக்குங்கள். மூன்று முறை பதில் வராத சாதனத்தை அரை நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் தட்டிப் பாருங்கள்.

கம்பியின் இரு கோடியிலும் மட்டும் 120 ஓம் மின்தடை, நடுவில் வேண்டாம். மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பவர் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கையேட்டில் ரிஜிஸ்டர் எண் 40001 என்றிருந்தால் நிரலில் அது பெரும்பாலும் 0. எண்ணிக்கை ஒன்று தள்ளி வந்தால் முதலில் இதைப் பாருங்கள். தசம எண் கன்னாபின்னாவென்று வந்தால் அந்த எண்ணைத் தாங்கும் இரண்டு ரிஜிஸ்டரும் இடம் மாறியிருக்கின்றன.

படித்ததைப் பட்டறைக்குள்ளேயே ஒரு சிறு கணினியில் மாஸ்கிட்டோ என்ற செய்தி பரிமாற்ற மென்பொருளுக்கு எம்க்யூடிடி நெறிமுறை வழியாக அனுப்புங்கள். தர நிலை 1 வையுங்கள்: செய்தி குறைந்தது ஒரு முறை போய்ச் சேரும், சிலசமயம் இரண்டு முறையும் சேரும். அதனால் "இன்னும் ஒன்று முடிந்தது" என்று அனுப்பாமல் "மொத்தம் 418 முடிந்தது" என்று அனுப்ப வேண்டும். இரண்டு முறை வந்தாலும் கணக்கு கெடாது. மாஸ்கிட்டோ 2.0 முதல் வெளி இணைப்புகளை இயல்பாக ஏற்பதில்லை. "அதே கணினியில் வேலை செய்கிறது, பக்கத்துக் கணினியில் இல்லை" என்றால் அமைப்புக் கோப்பில் போர்ட்டைத் திறந்து கடவுச்சொல் வைக்க வேண்டும். திரட்ட நோட்-ரெட், சேமிக்க போஸ்ட்கிரெஸ், காட்ட கிராஃபானா: 12 இயந்திரத்துக்கு இதுவே தாராளம். அந்த நிறுவனம் சொன்ன நோட் ஜேஎஸ் திரைக்குச் சரிதான். அது ஒரே நூலில் (திரெட்), அதாவது ஒரு நேரத்தில் ஒரே வேலையாக ஓடுவது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். யாரோ மாத அறிக்கை கேட்டு அது மூன்று விநாடி கணக்குப் போட்டால் அந்த மூன்று விநாடியும் எல்லோர் திரையும் உறையும். அறிக்கையைத் தனிப் புராசஸில் ஓட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இத்தகைய வேலைக்கு எந்த மொழி கற்கலாம்?
(மாணவி, தருமபுரி)

பதில்: தரவுத்தளத்தோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல் முதலில், ஆழமாக: டிரான்சாக்‌ஷன், பூட்டு, இண்டெக்ஸ். பிறகு கோ, சி ஷார்ப், ஜாவா மூன்றில் ஒன்று. ஜாவா என்றால் 2023இல் வந்த 21ஆம் பதிப்பிலிருந்து படியுங்கள். அதிலுள்ள மெய்நிகர் நூல்கள் (விர்ச்சுவல் திரெட்) ஆயிரக்கணக்கான இணைப்புகளை எளிய நிரலிலேயே கையாள விடுகின்றன. ஆர்வம் மிகுந்தால் எர்லாங் பாருங்கள். எரிக்சன் நிறுவனம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்காக உருவாக்கியது. வாட்ஸ்அப் அதில்தான் வளர்ந்தது. உள்ளூரில் அதற்கு வேலை குறைவு. ஆனால் ஒரு பகுதி விழுந்தால் மற்றவை எப்படி நிற்க வேண்டும் என்பதை அதுபோலக் கற்றுத்தரும் மொழி வேறில்லை.

கேள்வி: மாங்கூழ் ஆலைகளுக்கு 60 வண்டிகள் ஓட்டுகிறோம். ஜிபிஎஸ் 10 விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. சீசன் ஆரம்பத்தில் நன்றாக ஓடிய வரைபடம் ஒரு மாதத்தில் திறக்கவே மறுக்கிறது. தரவுத்தளத்தை மாற்ற வேண்டுமா?
(லாரி உரிமையாளர், கிருஷ்ணகிரி)

பதில்: வேண்டாம். 60 வண்டி, வண்டிக்கு நாளுக்கு 8,640 பதிவு என்றால் அட்டவணையில் நாளொன்றுக்கு 5,18,400 வரிசை. மாதத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல். "இப்போது எங்கே" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் நிரல் இந்த ஒன்றரைக் கோடியைத் துழாவுகிறது. கடைசி இருப்பிடத்துக்கு வண்டிக்கு ஒரு வரிசை என்று 60 வரிசைத் தனி அட்டவணை வையுங்கள். வரைபடம் அதை மட்டும் படிக்கட்டும். வரலாற்று அட்டவணையை நாள்வாரியாகப் பிரித்துவிடுங்கள். பழையதை நீக்க வரிசை வரிசையாக அழித்தால் போஸ்ட்கிரெஸ் உள்ளே வெற்றிடம் சேர்ந்து இன்னும் மந்தமாகும். ஒரு நாளின் பிரிவை அப்படியே கழற்றி எறிவது ஒரு நொடி வேலை. நிற்கும் வண்டி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் போதும்.

அஞ்செட்டிப் பக்கக் காட்டுப் பாதைகளில் டவர் கிடைக்காத இடங்களில் கருவி பதிவுகளைச் சேர்த்து வைத்து, டவர் வந்ததும் மொத்தமாகக் கொட்டும். வந்த வரிசையை நம்பினால் ஊருக்குள் வந்துவிட்ட வண்டி திரையில் மறுபடி காட்டுக்குள் குதிக்கும். ஜிபிஎஸ் நேரம், சேர்ந்த நேரம் இரண்டையும் சேமியுங்கள். கடைசி இருப்பிட அட்டவணையை ஜிபிஎஸ் நேரம் புதிதாக இருந்தால் மட்டும் மாற்றுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் டிராக்கார் என்ற திறமூல மென்பொருளை முதலில் பார்க்கலாம். பல வகை ஜிபிஎஸ் கருவிகளின் பேச்சு அதற்கு ஏற்கெனவே தெரியும்.

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே 11 ஊர்களில் பால் சேகரிக்கிறோம். ஊர்க் கணினிகளிலிருந்து தலைமை அலுவலகத்துக்குத் தரவு வருகிறது. நெட் விட்டுவிட்டு வரும் நாளில் சிலருக்குப் பால் இரண்டு முறை பதிவாகி இரண்டு முறை பணம் போகிறது. அதிகாலையில் ஊற்றிய பால் முந்தைய நாள் கணக்கில் விழுகிறது. அறிக்கைக்கும் பட்டுவாடாவுக்கும் சில பைசா இடிக்கிறது.
(பால் சேகரிப்பு நிலைய மேலாளர்)

பதில்: மூன்றும் வேறு வேறு கோளாறு.

ஊர்க் கணினி பதிவை அனுப்பியது, தலைமை சர்வர் ஏற்றுக்கொண்டது, "கிடைத்தது" என்ற பதில் வழியில் தொலைந்தது. ஊர்க் கணினி போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்புகிறது. அப்படி அனுப்புவது சரிதான், நிறுத்தக் கூடாது. பால் ஊற்றிய கணத்தில் ஊர்க் கணினியே பதிவுக்கு ஒரு தனி அடையாள எண், யூயுஐடி, போட்டுவிட வேண்டும். எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்தான் போக வேண்டும். அனுப்பும்போது புதிது உருவாக்கினால் பயனில்லை. தலைமையில் அந்த எண் தனித்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திலேயே வையுங்கள். "இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுது" என்று நிரலில் வைத்தால் இரண்டு பிரதிகள் ஒரே சமயத்தில் நுழைந்து இரண்டுமே "இல்லை" என்று பார்த்துவிடும்.

ஊர்க் கணினியில் எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளம் போதும். மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் வால் (WAL) முறையை இயக்கி, பூட்டுக்குக் காத்திருக்கும் நேரம் 5 விநாடி வையுங்கள். பால் பதிவையும் "அனுப்ப வேண்டியவை" பட்டியலில் அதன் வரிசையையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதுங்கள். இடையில் கரண்ட் போனால் இரண்டும் இருக்கும் அல்லது இரண்டும் இருக்காது.

பைசா இடிப்பதற்குக் காரணம் பணத்தை மிதவைப் புள்ளி எண்ணில், அதாவது தசமத்தைத் தோராயமாகவே வைக்கும் எண் வகையில் வைத்திருப்பது. அதில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். தொகையைப் பைசாவாகவும் எடையைக் கிராமாகவும் முழு எண்ணில் வையுங்கள். கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) வைத்து விலை போட்டதும் அந்த ஒரு சீட்டின் தொகையை ஒரே ஒரு முறை முழுமையாக்கிச் சேமியுங்கள். மாத அறிக்கை அந்தச் சேமித்த தொகைகளைக் கூட்டட்டும். விகிதத்திலிருந்து மறுபடி கணக்கிட்டால் மறுபடி இடிக்கும்.

அதிகாலைப் பால் விஷயத்தில், சர்வர் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் நாளைப் பிரிக்கிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. அதன் கணக்கில் புது நாள் நமக்குக் காலை 5:30க்குத்தான் பிறக்கிறது. 5:15க்கு வரிசையில் முதலாவதாக நின்று ஊற்றியவர் பால் நேற்றைய தேதிக்குப் போய்விடும். நேரத்தை மண்டலத்தோடு சேமித்து, அறிக்கை எடுக்கும்போது இந்திய நேரத்துக்கு மாற்றிய பிறகே தேதியைப் பிரியுங்கள். அதைவிட நல்லது, பால் தேதி, காலையா மாலையா என்ற வேளை இரண்டையும் தனிப் பத்தியாக ஊர்க் கணினியிலேயே எழுதிவிடுவது. மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்த கணினி பழைய தேதியோடு கிளம்பும் என்பதால், முந்தைய பதிவின் தேதியைவிடப் பின்தங்கிய தேதி வந்தால் நிரல் பால் வாங்க மறுத்துக் கடிகாரத்தைச் சரிசெய்யச் சொல்லட்டும். பேட்டரி சிஆர்2032, பதினோரு ஊருக்கும் ஒவ்வொன்று வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள்.